புதுப்பிப்பு: கிருஷ்ணகிரி மாந்தோப்புப் பயணம்

14 பேர் வேனில் கிருஷ்ணகிரிச் சிற்றூர்களையும் மாந்தோப்புகளையும் சுற்றிவர ஜூன் மாதம் ஏற்றதா என்று முன்பு கேட்டிருந்தேன். சென்று திரும்பிவிட்டோம், ஏற்றதுதான். சந்தூர்ப் பக்கத்துத் தோப்பு ஒன்றில் உரிமையாளரின் அனுமதியோடு நுழைந்தபோது, கிளிமூக்கைப் போல நுனி வளைந்த பெங்களூரா காய்கள் கைக்கெட்டும் உயரத்தில் கொத்துக்கொத்தாகத் தொங்கின. இந்த வகை பெரும்பாலும் மாங்கூழ் ஆலைகளுக்கே போகிறது என்பதால், உண்பதற்கு அல்போன்சாவையோ செந்தூராவையோ கேட்டு வாங்குங்கள் (நாங்கள் பழுக்காத பெங்களூராவையே உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு ஒரு கூடை தீர்த்தோம்).

தென்பெண்ணையின் குறுக்கே உள்ள கே.ஆர்.பி. அணைக்கு நண்பகலில் போனது எங்கள் தவறு, நிழலில்லை. மாலையில் செல்லுங்கள். தோப்புக்குள் வேனை ஓட்டாதீர்கள். சொட்டுநீர்க் குழாய்கள் நசுங்கும்.