கருங்கல் வீட்டுக் குரூப்பில் விஸ்கி வண்டி

வெள்ளி, இரவு 9:12

ஜெபின்: 📷 அபர்தீன்ல இருந்து வண்டி எடுத்து டஃப்டவுன் வந்தாச்சு. ஸ்பேசைடு, ஸ்பே ஆத்தங்கரை. ஸ்காட்லாந்துல விஸ்கி ஆலை ரொம்ப உள்ளது இந்த ஆத்துப் பக்கம்தான்

மேரி அத்தை: எலே, குடிச்சிட்டு வண்டி ஓட்டுவியா?

ஜெபின்: இல்ல அத்தை, நான்தான் ஓட்டுதேன். இங்க ஓட்டுறவனுக்கு 100 மில்லி ரத்தத்துல ஆல்கஹால் 50 மில்லிகிராம்தான் அளவு. 2014-ல குறைச்சிட்டாவ. இங்கிலாந்துல 80

ஷைனி: அப்ப மோந்து பாக்கவா அவ்வளவு தூரம் போன 😂

ஜெபின்: ஓட்டுறவனுக்குள்ளத சின்னக் குப்பியில ஊத்திக் குடுத்து விடுதாவ பிள்ளே. ரூம்ல போயி குடிக்கலாம்

மேரி அத்தை: 🙄

பெரியப்பா: அது கெடக்கட்டு. எப்பிடி காச்சுதாவ, பாத்தியா?

ஜெபின்: பார்லிய ஊறவச்சு முளைகட்டி உலத்தி பொடிக்காவ. வெந்நி ஊத்தி இனிப்புத் தண்ணி எடுத்து, ஈஸ்ட் போட்டு ரெண்டு மூணு நாள் புளிக்க விடுதாவ. பெறவு செம்புப் பானையில ரெண்டு தடவ காச்சு

பெரியப்பா: ஈஸ்ட் வாங்கியா போடணும்! நம்ம அக்கானிக்கு, பதநீருக்கு, அது தன்னால வரும். கலயத்துல சுண்ணாம்பு தேய்க்காம விட்டுப் பாரு, எறக்கும்போதே கள்ளு. செம்பு எதுக்கு?

ஜெபின்: கந்தக நாத்தத்த அது புடிச்சிக்கிடும். ரெண்டாவது காச்சுல முதல்ல வாறதையும் கடைசியில வாறதையும் ஒதுக்கிருவாவ. நடுவுல உள்ளதுதான் பீப்பாய்க்கு. ஓக் பீப்பாயில 3 வருசமாவது கெடக்கணும், இல்லேன்னா ஸ்காட்ச்னு பேரு போட முடியாது

ராஜன் சித்தப்பா: பீப்பாய்க்கு ஆணி உண்டா?

ஜெபின்: ஆணியும் இல்ல, பசையும் இல்ல சித்தப்பா. பலகைய வளைச்சு இரும்பு வளையம் போட்டு இறுக்குதாவ. அமெரிக்காவுல பர்பன்னு அவங்க விஸ்கிக்குப் புதுப் பீப்பாய்தான் சட்டம். அதான் அவன் கழிச்சது கப்பலேறி இங்க வருது

ராஜன் சித்தப்பா: பலகை ஓரம் சீவுதத கிட்டத்துல வீடியோ எடுத்துப் போடு

ஜெபின்: கிளென்லிவெட் விஸ்கி கதை கேட்டியளா? அந்தப் பள்ளத்தாக்கு பூரா கள்ளத்தனமா காச்சின ஊரு. 1823-ல சட்டத்த இளக்கினாவ. 1824-ல ஜார்ஜ் ஸ்மித்ன்னு ஒருத்தர் லைசென்ஸ் எடுத்தாரு. அக்கம்பக்கத்தவன் ஆலையக் கொளுத்திருவேன்னு மிரட்ட, இடுப்புல ரெண்டு துப்பாக்கியோட அலைஞ்சாராம்

பெரியப்பா: அங்க கள்ளத்தனமா காச்சினவனக் கூப்பிட்டு லைசென்ஸ் குடுத்தாவ. இங்க மரத்துல சும்மா ஊறுத கள்ளுக்கு 1987-ல இருந்து தடை. கடை வச்சு குப்பி விக்கது அரசாங்கம், ஒரு கலயம் எறக்கினா கேசு பனையேறிக்கு. நல்ல நியாயம் போ

ஷைனி: பெரியப்பா சூடாயாச்சு 🔥

மேரி அத்தை: அந்த பார்லி சக்கைய என்ன செய்வாவ மக்கா?

ஜெபின்: மாட்டுக்குத் தீவனம் அத்தை

மேரி அத்தை: அது கொள்ளாம்

பெரியப்பா: அந்தக் குப்பி எத்தன மில்லி வரும்?

மேரி அத்தை: அண்ணே!!