முத்திரை இல்லாத பழைய நகையின் வயதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? அனுபவப் பகிர்வு

உலோகத்தின் தரத்தைக் காட்டும் முத்திரை இல்லாவிட்டால் போலி என்று பலர் நகையை ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. பிரிட்டனில் இன்றைக்கும் 1 கிராமுக்குக் குறைந்த தங்கத்துக்கும் 7.78 கிராமுக்குக் குறைந்த வெள்ளிக்கும் முத்திரை கட்டாயமில்லை. மோதிரத்தின் அளவைக் குறைக்கும்போது முத்திரை இருந்த துண்டையே வெட்டி எடுத்துவிடுவதும் உண்டு. அதனால் நான் எழுத்தைத் தேடி நேரம் போக்குவதில்லை. நகையைக் கவிழ்த்துப் பார்ப்பேன்.

உறவினர் ஒருவர் பிறை வடிவ புரூச் (உடையில் குத்தும் ஊசி நகை) ஒன்றைப் பார்க்கக் கொடுத்தார். நடுவில் சிவப்புக் கல், சுற்றிலும் பொடி முத்து. பின்னால் பூட்டு கிடையாது, வளைத்துவிட்ட வெறும் கொக்கிதான். ஊசியின் நுனி சட்டத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது. விக்டோரியா ராணி காலத்தது என்றார். கொக்கியையும் ஊசியையும் மட்டும் பார்த்தால் அவர் சொன்னது பொருந்தும்.

பத்து மடங்கு லென்ஸில் கல்லைப் பார்த்தபோதுதான் கதை மாறியது. உள்ளே இசைத்தட்டின் கோடுகள் மாதிரி வளைந்த வரிகள், கூடவே சில குமிழிகள். மண்ணில் விளைந்த மாணிக்கத்தில் வளர்ச்சி வரிகள் நேராக, கோணம் கோணமாகத்தான் இருக்கும். வளைந்திருந்தால் தீச்சுடரில் உருக்கிச் செய்த செயற்கைக் கல். அந்த முறையை வெர்னுயி என்ற பிரெஞ்சு வேதியியலாளர் வெளியிட்டது 1902இல். ராணி இறந்ததோ 1901இல். சரி, கல்லைப் பிறகு மாற்றியிருக்கலாமே? கல்லைப் பிடிக்கும் நகங்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். நிமிர்த்தி மடக்கிய தடயமோ, புதிதாகப் பற்றவைத்த திட்டோ இல்லை. ஆகவே இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி என்று சொன்னேன். வெறும் கொக்கி விக்டோரியா காலத்தோடு நின்றுவிடவில்லை, அதன் பிறகும் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

*

எனக்கு உலோகத்தைவிட பிளாஸ்டிக் வளையல் மேலதான் ஆசை. மஞ்சள் பூத்த வளையல் எல்லாத்தையும் பேக்கலைட்னு சொல்லி விக்கிறாங்க. பேக்கலைட் 1907ல வந்தது. சூடான தண்ணியில ஒரு ஓரத்தைக் கொஞ்ச நேரம் காட்டி மோந்து பாருங்க, கார்பாலிக் நெடி அடிக்கும். என்கிட்ட வந்த செதுக்கு வேலை வளையல்ல கற்பூர வாசனை வந்துது. அப்போ அது செல்லுலாய்டு, 1870கள்லேர்ந்தே இருக்கிற சரக்கு. விக்கிறவருக்குத் தெரியாமலேயே பழைய வகையைக் கொடுத்துட்டார்! பால் கருகின வாசனைன்னா கேசின், அதாவது பால் புரதத்துல செஞ்ச பிளாஸ்டிக்.

ஒண்ணு மட்டும் கேட்டுக்கோங்க. காய்ச்சின ஊசியால குத்திப் பாக்கிறதை யாரும் செய்யாதீங்க. செல்லுலாய்டு சட்டுனு தீப்பிடிக்கும். கல் ஒட்டின நகையைத் தண்ணிகிட்டயே கொண்டுபோகாதீங்க, கல்லுக்கு அடியில வச்ச பளபளப்பு உலோகத் தாள் கறுத்துடும்.

*

முதலில் எழுதியவர் பற்றவைப்பைப் பார்த்தது ரொம்பச் சரி. நான் அதிகம் பார்ப்பது பழைய பாகமும் புதுப் பாகமும் சேர்ந்த கலப்பு நகைகளைத்தான். 1920களைச் சேர்ந்தது என்று ஒரு கண்ணாடி மணி மாலை வந்தது. பூட்டு உண்மையிலேயே பழையது. மணிகளிலோ வானவில் மினுக்குப் பூச்சு; அந்தப் பூச்சு 1950களின் நடுவில்தான் சந்தைக்கு வந்தது. யாரோ பழைய பூட்டை எடுத்துப் புது மாலையில் கோத்திருக்கிறார்கள். காதணியிலும் இதே தொல்லை: கிளிப் 1930களில் பரவியது, ஆனால் பழைய திருகைக் கழற்றிவிட்டு கிளிப் வைத்த ஜோடிகள் நிறைய. சாம்பல் நிற ஈயத் திட்டு தெரிந்தால் அந்தப் பாகத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

எந்த ஊர் வேலை என்பது இதைவிடக் கடினம். ஒரு ஊர் வடிவத்தை இன்னொரு ஊர் நகலெடுக்காத காலமே இல்லை. குழாய்க்குள் ஊசி நுழையும் இழுப்புப் பூட்டு இருந்தால் ஐரோப்பா என்று ஓரளவு சொல்லலாம். பூவேலையை மட்டும் வைத்து நாட்டைச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

*

முத்துமாலைக்கு ஏதாவது வழி உண்டா? பூட்டில் ஒரு எழுத்தும் இல்லை.

*

துளைக்குள் லென்ஸ் வைத்துப் பாருங்கள். மேலே மெல்லிய பூச்சு, உள்ளே வேறு நிறக் கரு, இரண்டுக்கும் நடுவே கோடு தெரிந்தால் வளர்ப்பு முத்து. உருண்டை வளர்ப்பு முத்துகள் சந்தையில் பெருகியது 1920களில்தான். கோடு தெரியவில்லை என்பதற்காக இயற்கை முத்து என்று முடிவு கட்டிவிடாதீர்கள், அதற்கு எக்ஸ்ரே வேண்டும். நூலையும் பாருங்கள், ஆனால் முத்துமாலையைத் திரும்பத் திரும்பக் கோப்பார்கள் என்பதால் அது மாலையின் வயதைச் சொல்லாது. படம் போடுவதாக இருந்தால் பூட்டின் உள்பக்கத்தையும் சேர்த்துப் போடுங்கள்.