மழைக்காலத்துக்குச் சூடான ஆப்பிள் பானம், வீட்டில் எப்படிச் செய்வது?

பாம்பன் காற்று:
ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் வாடைக்காற்றில் திண்ணையில் உட்கார முடியாது. எப்போதும் சுக்குக் காபிதான். வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் மச்சான், அங்கே குளிர்காலத்தில் ஆப்பிள் சாற்றில் பட்டை, கிராம்பு போட்டுச் சூடாக்கிக் குடிப்பார்கள் என்று சொல்லிச் சொல்லி எல்லாருக்கும் ஆசையைக் கிளப்பிவிட்டார். தீபாவளிக்கு 15 பேர் வருவார்கள். பாக்கெட் சாறு வாங்காமல் பழத்திலிருந்தே செய்ய முடியுமா? சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி போடலாமா? அம்மாவுக்குச் சர்க்கரை நோய், அவருக்கும் கொடுக்கலாம்தானே?

கீழக்கரை அடுக்களை:
தாராளமாகச் செய்யலாம் தம்பி. காஷ்மீர், சிம்லா ஆப்பிள் நிறைய வரும் நேரம்தான் இது. 4 டம்ளருக்கு முக்கால் கிலோ பழம், ஒரு லிட்டர் தண்ணீர். விதையை எடுத்துவிட்டுத் தோலோடு சின்னதாக நறுக்குங்கள். விரல் நீளப் பட்டை ஒன்று, கிராம்பு 4, தட்டிய ஏலக்காய் 2, ஒரு துண்டு சுக்கு. எல்லாம் முழுசாகவே போடுங்கள், பொடி போட்டால் துணியில் நிற்காமல் அடியில் மண்டியாகத் தங்கித் தொண்டையில் கரகரக்கும்.

கொதி வந்ததும் சிறுதீயில் மூடி போட்டு முக்கால் மணி நேரம். மூடி ரொம்ப முக்கியம், பட்டை கிராம்பு வாசனையெல்லாம் அதிலுள்ள எண்ணெய்தான், திறந்து வைத்தால் ஆவியோடு போய் வீடு மணக்கும், டம்ளரில் ஒன்றும் இருக்காது. அலுமினியச் சட்டி வேண்டாம், பழப்புளிப்பு அதை அரிக்கும். துணியில் வடிகட்டும்போது பிழியாதீர்கள், கலங்கிவிடும். ஆரஞ்சு சேர்ப்பதென்றால் மேல்தோலை மட்டும் மெல்லச் சீவிப் போட்டு, சாற்றை இறக்கிய பிறகு ஊற்றுங்கள். உள்ளே இருக்கும் வெள்ளைத் தோல் வெந்தால் கசக்கும்.

அப்புறம் தண்ணீர். நம் ஊர்க் கிணற்று உவர்த்தண்ணீரில் செய்தால் அத்தனை பழமும் வீண். காவிரித் தண்ணீரோ கேன் தண்ணீரோ எடுங்கள்.

சாயல்குடி பனங்காடு:
கருப்பட்டி போடலாம், ஆனால் ஆப்பிள் வாசனையை அமுக்கிவிடும். 4 டம்ளருக்கு 40 கிராமைத் தாண்டாதீர்கள். தனியாகக் கரைத்து, மண் போக வடிகட்டிக் கடைசியில் சேருங்கள்.

அம்மா விஷயத்தில் கவனம். கருப்பட்டி என்றால் சர்க்கரை நோய்க்காரர்கள் குடிக்கலாம் என்று எங்கள் ஊரிலேயே நம்புகிறார்கள், அது சரியில்லை, கருப்பட்டியும் சர்க்கரையை ஏற்றும். பழத்திலும் சர்க்கரை இருக்கிறது. அவருக்குச் சுக்குமல்லித் தண்ணீர் இனிப்பில்லாமல் வைத்துக் கொடுங்கள், பழச்சாறு வேண்டுமென்றால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு.

தேவிபட்டினம்வாசி:
ஆப்பிள் விலைக்கு 15 பேரா? புளியும் பழம்தானே. எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து, கருப்பட்டி, சுக்கு, ஏலம், இரண்டு மிளகு தட்டிப்போட்டுச் சூடாக்கினால் மழைக்கு அதைவிடச் சுகமான பானம் கிடையாது. திருவிழாவில் குளிரக் கொடுக்கும் பானகம்தான், சூடாகக் குடித்துப் பாருங்கள், மச்சானே இரண்டாவது டம்ளர் கேட்பார்.

பாம்பன் காற்று:
நன்றி எல்லாருக்கும். அம்மாவுக்குச் சுக்குமல்லியே வைத்துவிடுகிறேன். மச்சானுக்காக ஆப்பிள், பெரியவர்களுக்குப் பானகம். அக்கா, 15 பேருக்கு எல்லாவற்றையும் நாலு மடங்காக்கினால் போதுமா? முன்கூட்டியே செய்து பிளாஸ்கில் வைக்கலாமா?

கீழக்கரை அடுக்களை:
பழமும் தண்ணீரும் நாலு மடங்கு. கிராம்பு மட்டும் 8 போதும், கூடினால் நாக்கு மரத்துப்போகும். பிளாஸ்கில் ஊற்றுமுன் பட்டை கிராம்பை எடுத்துவிடுங்கள், உள்ளேயே கிடந்தால் நேரமாக ஆகக் காரமும் கசப்பும் ஏறும். மிஞ்சினால் ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாளே சுடவைத்துக் குடித்துவிடுங்கள்.