போனைத் திறந்தது யார்? அதற்குப் பதில் சொல்லுங்கள்

டிக்கோயாக்காரன்: "துப்பறியும் தொடர்களில் பிராட்சர்ச் முதல் பருவத்தை மிஞ்சிய கதைப்பின்னல் கிடையாது" என்று பண்டாரவளை அக்கா நேற்று எழுதியதைப் பார்த்ததிலிருந்து எனக்குப் பொறுக்கவில்லை. முடிவைச் சொல்லப்போகிறேன், பார்க்காதவர்கள் விலகிக்கொள்ளுங்கள். பிரித்தானியத் தொலைக்காட்சித் தொடர், 2013இல் வந்தது, 8 பாகம். 11 வயதுப் பையன் டேனியைக் கொன்றது யார் என்று ஊர் முழுக்க நம்மை அலைய வைத்தார்கள். கடைசியில்? கொலைகாரன் ஜோ, டேனியின் போனைத் தானே திறந்து வைக்கிறான். அந்தச் சிக்னலைப் பிடித்துக்கொண்டு துப்பறியும் பொலிஸ்காரர் ஹார்டி அவன் வீட்டுக் கொட்டகைக்குப் போகிறார். பொலிஸ் கண்டுபிடித்தது என்ன?

பண்டாரவளை அக்கா: ஒளிந்து ஒளிந்து அலுத்துப்போய்த் திறக்கிறான் தம்பி. கதையின் பலம் அங்கே இல்லை. "உன் புருஷன் செய்தது உனக்கு எப்படித் தெரியாமல் போனது?" என்று பொலிஸ்காரி எலி, அந்த ஊர்ப் பெண் சூசனைக் கேட்பாள். கடைசிப் பாகத்தில் டேனியின் அம்மா அதே கேள்வியை எலியிடம் கேட்கிறாள். ஏனென்றால் ஜோ எலியின் புருஷன். அந்த இடத்தில் டிவியை நிறுத்திவிட்டு வாசலில் போய் உட்கார்ந்தேன். பின்னல் என்றால் அதுதான்.

டிக்கோயாக்காரன்: அழ வைப்பது வேறு, பின்னுவது வேறு. போனைத் திறந்தது யார்?

ஊவா மழை: பக்கத்தில் படுக்கிற புருஷனைத் தெரியாதவள் என்ன பொலிஸ்? நாங்கள் தோட்டத்து லயத்தில், சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீட்டில் வளர்ந்தவர்கள். அடுத்த காம்பராவில் இருமினாலே ஆள் யாரென்று சொல்வோம்.

பண்டாரவளை அக்கா: நானும் லயத்தில் பிறந்தவள்தான். எங்கள் வரிசையில் ஒரு பிள்ளை ராத்திரி ராத்திரி அழுதது எல்லாருக்கும் கேட்டது. ஏன் அழுகிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பக்கத்தில் இருப்பது தெரிந்துகொள்வது ஆகிவிடுமா?

டிக்கோயாக்காரன்: லயத்துக் கதை எதற்கு அக்கா? 1971இல் தொடராகத் தொடங்கிய அமெரிக்கத் துப்பறியும் கதை கொலம்போவை எடுங்கள். கொலைகாரனை முதலிலேயே காட்டிவிடுவார்கள். ஆனாலும் அவனைப் பிடிப்பது பொலிஸ்காரர் கொலம்போதான், அவன் வாயிலிருந்தே, அவன் செய்த சின்னப் பிழையிலிருந்தே. இங்கே டேனி ஒளித்து வைத்த 500 பவுண் இருக்கிறது, ஜோவின் மகன் உடைக்கப் பார்த்த லேப்டொப் இருக்கிறது. இவ்வளவு நூலையும் கையில் கொடுத்துவிட்டு, முடிச்சை மட்டும் கொலைகாரனையே போட விட்டால் எப்படி?

ஹட்டன் பஸ்: அண்ணன், போன மாதம் சுழல் தொடரின் முடிவை அறிவிப்பே இல்லாமல் போட்டு உடைத்தது நீங்கள்தானே? நான் 3ஆம் பாகத்தில் இருந்தேன்.

டிக்கோயாக்காரன்: அதற்கு அப்போதே பதில் சொல்லிவிட்டேன்.

ஹட்டன் பஸ்: "வந்து படித்தது உங்கள் பிழை" என்றீர்கள். அது பதிலா?

ஊவா மழை: அக்கா அந்தப் பிள்ளையை இழுத்திருக்க வேண்டாம். ஒரு தொடரைப் பற்றித்தான் பேசினோம்.

பண்டாரவளை அக்கா: லயத்தை முதலில் இழுத்தது நீங்கள். தம்பி, நீங்கள் பொலிஸின் கெட்டித்தனத்தை மட்டும் பார்க்கிறீர்கள். ஜோ தாங்கமுடியாமல் சரணடைந்ததுதான் நிஜம் மாதிரி இருக்கிறது.

டிக்கோயாக்காரன்: சரணடைந்தவனா? 2015இல் வந்த இரண்டாம் பருவத்தில் அதே ஜோ நீதிமன்றத்தில் குற்றவாளி இல்லை என்கிறான், விடுதலையும் ஆகிறான்! அப்புறம் எதற்கு அன்றைக்குப் போனைத் திறந்தான்? அதைச் சொல்லுங்கள்.

ஹட்டன் பஸ்: இரண்டாம் பருவத்தையும் உடைத்துவிட்டீர்களே! நேற்றுத்தான் அதைப் பார்க்கத் தொடங்கினேன்.

டிக்கோயாக்காரன்: போனைத் திறந்தது யார் என்று அக்கா இன்னும் சொல்லவில்லை.