மறுமொழி: தோலுக்குள்ளா, தோலுக்கு அடியிலா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஊசி போடும் முறைகளுக்குத் தமிழ்ப் பெயர் தேடும் நம் குழுவுக்கு நேற்று வந்த பட்டியலில் இன்ட்ராடெர்மல் (தோலுக்குள்ளேயே போடுவது), சப்கியூட்டேனியஸ் (தோலுக்கு அடியில், கொழுப்பு அடுக்கில் போடுவது) இரண்டுக்கும் 'தோலடி' என்றே போட்டிருக்கிறது. இதே தப்பைச் செய்து நானும் மாட்டியிருக்கிறேன். செவிலியர் கையேடு ஒன்றில் காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி.யைத் 'தோலுக்கு அடியில் போடவும்' என்று எழுதிவிட்டேன். படித்துப் பார்த்த செவிலியர் அக்கா அந்த வரியைச் சுழித்து, "அடியில போனா சீழ் கட்டும், அக்குள்ல நெறி கட்டும். தோலுக்குள்ள போடணும்" என்று ஓரத்தில் எழுதி அனுப்பினார்.

அப்புறம் நேரில் விளக்கினார். பச்சைக் குழந்தைக்கு இடது மேற்கையில் 0.05 மி.லி. போட வேண்டும். ஊசியைத் தோலோடு தோலாகப் படுக்கவைத்து, முனையின் வாய் மேலே பார்க்க நுழைக்க வேண்டும். பிஸ்டனை அழுத்தும் விரலுக்கு மருந்து முரண்டு பிடிப்பது தெரியும். ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக, வெளுத்த சின்னத் தடிப்பு ஒன்று எழும்பும். மருந்து தடையில்லாமல் இறங்கிவிட்டால் கைதவறி அடியில் போய்விட்டது என்று அர்த்தம். தட்டம்மை–ரூபெல்லா ஊசி கொழுப்பு அடுக்குக்கு, 45 டிகிரியில். ஐந்து நோய்களுக்கான பெண்டாவேலன்ட் ஊசி தொடைத் தசைக்கு, செங்குத்தாக.

வெறிநாய்க்கடி ஊசியில் இந்த வேறுபாடு காசாகவும் தெரியும். தசையில் போட்டால் ஐந்து தவணைக்கு ஐந்து குப்பி. தோலுக்குள் என்றால் இரு கைகளிலும் 0.1 மி.லி. வீதம் நான்கு தவணை, மொத்தமே 0.8 மி.லி.தான். நோய் எதிர்ப்பைத் தூண்டிவிடும் செல்கள் தோலில் நெருக்கமாக இருப்பதால் கொஞ்சம் மருந்தே போதுகிறது. தடிப்பு எழும்பாவிட்டால் அந்த ஊசி கணக்கில் சேராது, பக்கத்தில் மறுபடி போட வேண்டும். ஆக, மருந்து எங்கே நிற்கிறது என்பதைச் சொல்லாத சொல் நமக்கு உதவாது.

சரி, இன்ட்ராடெர்மலுக்கு வந்த பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

> தோலூடு ஊசி

ஊடு என்றால் ஊடுருவிப் போவது. தோலில் ஒட்டும் மருந்துப் பட்டைக்கு அதை எடுத்து வைப்போம்.

> உள்தோல் ஊசி

இது ஓர் அடுக்கின் பெயர்போலக் கேட்கிறது. அதையே யாராவது 'அடித்தோல்' என்று மாற்றினால் தோலடியும் அடித்தோலும் மோதிக்கொள்ளும்.

> தடிப்பூசி

கண்ணால் பார்ப்பதை வைத்துப் பெயர் சொன்ன அழகுக்கு எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் தடுப்பூசிக்கும் இதற்கும் ஓர் உகரம்தான் தூரம். மெய்ப்புத் திருத்துபவர் 'பிழை' என்று திருத்திவிடுவார்!

என் முன்மொழிவு: தோலுள் ஊசி, தோலடி ஊசி, தசை ஊசி. உள், அடி இரண்டும் வீட்டுச் சொற்கள், விளக்கம் தேவைப்படாது. சேர்த்து 'தோலுளூசி' என்று எழுதினால் நாக்கு குழறும், பிரித்தே எழுதுவோம். 'சதை ஊசி' புழக்கத்தில் உண்டுதான். ஆனால் பேச்சில் சதை என்றால் கொழுப்பும் சேர்ந்தே வருகிறது. கொழுப்பைத் தாண்டிப் போக வேண்டிய ஊசிக்கு அந்தப் பெயர் சரிப்படாது.

இன்னும் ஒரு சிக்கல். 2021-இல் அவசரப் பயன்பாட்டுக்கு அனுமதி பெற்ற சைகோவ்-டி கொரோனா தடுப்பு மருந்தை ஊசி இல்லாமலேயே, அழுத்தத்தால் பீய்ச்சித் தோலுக்குள் செலுத்தினார்கள். அதைத் தோலுள் 'ஊசி' என்று எப்படிச் சொல்வது? 'தோலுள் பீய்ச்சு' என்று நினைத்தேன், மாட்டுத் தொழுவம் ஞாபகத்துக்கு வருகிறது. வேறு யோசனை இருந்தால் எழுதுங்கள்.