2024-இன் ராக், பங்க் ஆல்பங்கள்: உங்கள் பரிந்துரைகள் தேவை

அனைவருக்கும் வணக்கம். 2024-இல் வெளிவந்த ராக், பங்க் ஆல்பங்களில், முதல் பாடலிலிருந்து கடைசிப் பாடல் வரை ஒரே மூச்சில் கேட்கத்தக்கவற்றைத் தேடி வருகிறேன்; இதற்கு உங்கள் உதவி வேண்டும்.

இதுவரை கேட்டவற்றுள், தி க்யூர் குழு நவம்பரில் வெளியிட்ட ‘சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்’ ஆல்பத்துக்கே என் மனத்தில் முதலிடம். 16 ஆண்டு இடைவெளிக்குப் பின் வந்த இதில் எட்டே பாடல்கள். முதல் பாடலில் குழுவின் பாடகர் ராபர்ட் ஸ்மித்தின் குரல் ஒலிக்கவே மூன்று நிமிடங்களுக்கு மேல் ஆகிறது. அதுவரை டிரம்ஸும் கீபோர்டும் அவசரமின்றி எழுப்பும் துயரம்தான் பின்னர் வரும் வரிகளுக்குக் கனம் சேர்க்கிறது. தாய், தந்தை, அண்ணன் ஆகியோரை இழந்த ஸ்மித் எழுதிய பாடல்கள் இவை என்று அறிந்து கேட்டபோது, அந்த நீண்ட காத்திருப்பு இன்னும் ஆழமாக என்னைத் தொட்டது.

மெல்பர்ன் நகரத்து ஆமில் அண்ட் தி ஸ்னிஃபர்ஸ் என்ற பங்க் குழுவின் ‘கார்ட்டூன் டார்க்னஸ்’ இதற்கு நேரெதிர். அதன் பாடகி ஏமி டெய்லரின் குரலில் கோபமும் துணிவும் ஒருசேரப் பொங்குகின்றன. கிரீன் டே குழுவின் ‘சேவியர்ஸ்’ எனக்குப் பிடித்திருந்தாலும், அது அவர்களுடைய பழகிய பாதைதான்.

பெண்கள் முன்னின்று பாடும் பங்க் ஆல்பங்களையும், ஹார்ட்கோர் (பங்கின் இன்னும் வேகமான, கடுமையான வடிவம்) வகையில் புதிதாகக் கேட்பவருக்கு ஏற்றவற்றையும் குறிப்பாக எதிர்பார்க்கிறேன். ஆல்பத்தின் பெயரோடு, அது உங்களை ஏன் ஈர்த்தது என்பதையும், எந்தப் பாடலில் அதன் இயல்பு நன்கு வெளிப்படுகிறது என்பதையும் எழுதினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.