1982 கல்யாண போட்டோ செங்கல் நிறமாகிவிட்டது, அப்பாவின் 70க்கு வாழ்த்து அட்டை செய்ய உதவி வேண்டும்

தாமிரபரணி:

அனைவருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 70. அடுத்த மாதம் பீமரத சாந்தி. பேரன் பேத்திகள் சேர்ந்து கையாலேயே ஒரு வாழ்த்து அட்டை செய்து தர ஆசைப்படுகிறார்கள். முகப்பில் அப்பா அம்மாவின் கல்யாண போட்டோ. வருகிறவர்களுக்குக் கொடுக்க அதே படத்தோடு 40 சின்ன நன்றி அட்டைகளும் வேண்டும்.

போட்டோ 1982இல் எடுத்தது, அஞ்சலட்டை அளவு இருக்கும். படம் முழுக்கச் செங்கல் பொடியைத் தூவியது மாதிரி ஆகிவிட்டது. அம்மாவின் கூறைப்புடவை, பின்னால் இருக்கும் வாழை மரம், அப்பாவின் முகம் எல்லாம் ஒரே நிறம். தம்பி அதைப் போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான். ஒரு ஆப்பில் வெளிச்சத்தையும் கலரையும் கூட்டிப் பார்த்தேன், சிவப்பு இன்னும் ஏறியது. அப்படியே லேபில் கொடுத்து ஒரு பிரிண்ட் போட்டதில் முகமே தெரியாத அளவுக்கு இருட்டாக வந்தது. அட்டையில் போட வேண்டிய தமிழ் வாசகத்தை ஒரு கடையில் அடிக்கச் சொன்னேன். கொம்பும் காலும் தனித்தனியாக நின்றன.

கம்ப்யூட்டர் இருக்கிறது. காசு கட்டி வாங்கும் மென்பொருள் எதுவும் இல்லை. 12 நாள் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

கதிர்_கோவை:

அக்கா, கிம்ப் என்று படம் திருத்தும் மென்பொருள் ஒன்று இலவசம், அதை இறக்கிக்கொள்ளுங்கள். படத்தைத் திறந்து கலர்ஸ் மெனுவில் ஆட்டோ, அதற்குள் வைட் பேலன்ஸ். ஒரே கிளிக். பாதி சிவப்பு அதிலேயே போய்விடும். போன் மட்டும்தான் என்றால் ஸ்னாப்சீடிலும் வைட் பேலன்ஸ் இருக்கிறது. முகம் இருட்டாக இருந்தால் ஏதாவது ஃபேஸ் பிரைட் ஆப்பில் போட்டு எடுங்கள், பளிச்சென்று வரும்.

பழைய இருட்டறை:

அம்மா, 30 வருடம் ஸ்டூடியோ வைத்திருந்தவன் நான். தம்பி சொன்ன ஆட்டோ வழியை ஒருமுறை போட்டுப் பாருங்கள், தப்பில்லை. ஆனால் இந்த அளவுக்கு வெளிறிய படத்துக்கு அது போதாது. ஏன் இப்படி ஆனது என்று தெரிந்துகொண்டால் கை தானாகச் சரியான இடத்துக்குப் போகும்.

கலர் பிரிண்டில் மூன்று சாயம் உண்டு: மஞ்சள், மெஜந்தா, சயான். அந்தக் காலத்துத் தாளில் சயான் பலவீனம். ஆல்பத்தை மூடி இருட்டில் வைத்திருந்தாலும் அது வெளிறும். பரண் மாதிரி சூடான இடமாக இருந்தால் சீக்கிரமே வெளிறும். சிவப்பை அடக்குவதே சயான்தான். அது போனதும் நிழல் விழ வேண்டிய இடமெல்லாம் சிவப்பாகிறது. அதாவது உங்கள் படத்தில் சிவப்பு கூடவில்லை, அதைக் கட்டிவைத்திருந்தது போய்விட்டது. அதனால்தான் கலரைக் கூட்டக் கூட்ட மோசமானது.

முதலில் வாட்ஸ்அப் படத்தை ஒதுக்குங்கள். போட்டோவாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும், கலரைத் திருத்த இழுக்கும்போது கட்டம் கட்டமாகத் தெரியும். அசலை ஸ்கேனரில் 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி, வைத்து எடுங்கள். மூன்றரைக்கு ஐந்து அங்குலப் படம் என்றால் 2100க்கு 3000 பிக்சல் கிடைக்கும், அட்டைக்குத் தாராளம். ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்க வேண்டாம், பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள். ஸ்கேனரில் "கலர் ரெஸ்டோரேஷன்" என்று ஏதாவது இருந்தால் அணைத்துவிடுங்கள்.

பிறகு கிம்பில் கலர்ஸ், லெவல்ஸ். மேலே சேனல் என்ற இடத்தில் "வேல்யூ" என்றிருக்கும், அதை "ரெட்" ஆக்குங்கள். ஒரு மலை மாதிரி வரைபடம் தெரியும். உங்கள் படத்தில் அந்த மலை இடது ஓரத்தில் தொடங்காமல் உள்ளே தள்ளித் தொடங்கும். அடியில் உள்ள கறுப்பு முக்கோணத்தை மலை தொடங்கும் இடம்வரை வலப்பக்கம் நகர்த்துங்கள். அந்த ஒரு அசைவில் தலைமுடி கறுப்பாக மாறுவதைப் பார்ப்பீர்கள். அடுத்து "புளூ". அதில் அனேகமாக வலது ஓரம் காலியாக இருக்கும், தாள் பழுத்துப்போனதன் அடையாளம் அது. வெள்ளை முக்கோணத்தை மலை முடியும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். "கிரீன்" இரண்டு பக்கமும் கொஞ்சம். இன்னும் சிவந்து தெரிந்தால் மறுபடி ரெட்டுக்குப் போய் நடு முக்கோணத்தை மட்டும் மயிரிழை வலப்பக்கம்.

தம்பி கதிர், ஃபேஸ் பிரைட் மட்டும் வேண்டாம் என்று சொல்வேன். அது முகத்தில் இருக்கும் நிறத்தையே எடுத்துவிடும். கறுத்த மனிதரின் நெற்றியிலும் கன்னத்து மேட்டிலும் ஒரு மினுக்கம் இருக்கும், கன்னத்துக்குக் கீழே ஆழமான பழுப்பு இருக்கும். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் முகமே இருக்கிறது. ஸ்டூடியோவில் "கொஞ்சம் கலராக்கிக் கொடுங்கள்" என்று கேட்டவர்களுக்கு நானும் செய்து கொடுத்திருக்கிறேன். அதே படத்தைப் பின்னாளில் மாலை போட்டு மாட்டும்போது, இது எங்கள் அப்பா மாதிரியே இல்லையே என்று அவர்களே வந்து நின்றிருக்கிறார்கள். உங்கள் அப்பா எந்த நிறமோ அந்த நிறத்தில் வரட்டும்.

கதிர்_கோவை:

சரி ஐயா, புரிந்தது. அந்த யோசனையை எடுத்துக்கொள்கிறேன்.

தாமிரபரணி:

ஐயா, ரெட் சேனலில் கறுப்பு முக்கோணத்தை 64 வரை நகர்த்தினேன். அம்மாவின் கூந்தல் கறுப்பானதும் கையே நின்றுவிட்டது. அப்பா மாநிறத்தைவிடக் கறுப்பு, அந்த நிறம் இப்போது தெரிகிறது.

ஆனால் அடுத்து ஒன்று செய்து கெடுத்துவிட்டேன். லெவல்ஸில் ஸ்பாய்ட் மாதிரி ஒன்று இருக்கிறதே, அதை எடுத்து அப்பாவின் வேட்டியில் வெள்ளை என்று காட்டினேன். படம் முழுக்க நீலம் பாய்ந்துவிட்டது. புடவையும் எந்த நிறம் என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. அம்மா "அரக்கு" என்கிறாள், படத்தில் கத்தரிப்பூ மாதிரி வருகிறது.

பழைய இருட்டறை:

பட்டு வேட்டிதானே? அதுதான் காரணம். பட்டு வெள்ளை இல்லை, சந்தன வெளுப்பு. அதை வெள்ளை என்று நீங்கள் சொன்னதும் அதில் இருக்கும் மஞ்சளை மென்பொருள் படம் முழுவதிலிருந்தும் எடுத்துவிட்டது. மிஞ்சியது நீலம். நீலம் கலந்து சுண்ணாம்பு அடித்த சுவரையும் நம்ப முடியாது, நீலம் போட்டு அலசிய பருத்தி வேட்டியையும் நம்ப முடியாது.

நடுவில் உள்ள சாம்பல் ஸ்பாய்டை எடுங்கள். எவர்சில்வர் குடமோ தட்டோ இருந்தால் அதில் பளபளக்காத பக்கம். இல்லையென்றால் பின்வரிசையில் வெள்ளைச் சட்டை போட்டு நிற்பவரின் கை மடிப்பில் விழும் நிழல். இரண்டு மூன்று இடத்தில் காட்டிப் பார்த்து, முகம் எதில் சரியாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

ராத்திரியில் உட்கார்ந்து செய்தீர்களா? போனிலும் கம்ப்யூட்டரிலும் கண்ணுக்கு இதமாக என்று திரையை மஞ்சளாக்கும் வசதி இருக்கிறது. அது ஓடிக்கொண்டிருந்தால் அந்த மஞ்சளை ஈடுகட்ட உங்கள் கை நீலத்துக்குப் போகும். அணைத்துவிட்டுப் பகலில் செய்யுங்கள்.

புடவைக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. அந்தக் கூறைப்புடவை பீரோவில் இருக்கிறதா? இருந்தால் எடுத்து, வெயில் நேராக விழாத ஜன்னல் ஓரத்தில் விரித்து, பக்கத்தில் வைத்துக்கொண்டு திருத்துங்கள். 40 வருடத்துக்கு முந்திய நிறத்துக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

கத்தரியும் பசையும்:

தங்கச்சி, கலரை ஐயா பார்த்துக்கொள்கிறார், அட்டைக்கு நான் சொல்கிறேன். பொங்கல், தீபாவளிக்கு இன்னும் நான் அட்டை செய்துதான் அனுப்புகிறேன்.

அட்டையையே போட்டோ பேப்பரில் அடிக்காதீர்கள். உள்ளே பிள்ளைகள் எழுத வேண்டுமல்லவா? வழவழப்பான தாளில் பால்பாயின்ட் வழுக்கும், ஜெல் பேனா இழுவும். படத்தை மட்டும் லேபில் 4க்கு 6 அங்குலம், மேட் தாளில் போடுங்கள். அதை 250 முதல் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் அட்டையின் கிராம் எடை) ஐவரி அட்டையில் ஒட்டுங்கள். ஏ4 அட்டையைப் பாதியாக மடித்தால் முகப்பு 148க்கு 210 மில்லிமீட்டர். அதன் நடுவில் படத்தை வைத்தால் இரு பக்கமும் 23, மேலும் கீழும் 29 மில்லிமீட்டர் மிஞ்சும். பேத்தி கோலம் போட அந்த இடம் போதும்.

மடிப்பதற்கு முன் மை தீர்ந்த ஒரு பால்பாயின்ட் பேனாவை ஸ்கேலோடு வைத்து, மடிக்கும் கோட்டில் இரண்டு முறை அழுத்தி இழுங்கள். அப்புறம் மடித்தால் கத்தி மாதிரி நிற்கும். இதைச் செய்யாமல் கனமான அட்டையை மடித்தால் முதுகு வெடிக்கும். வெடித்த அட்டையைச் சரிசெய்ய வழியே இல்லை, அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். ஒட்டுவதற்குக் கோந்து வேண்டாம், ஈரத்தில் அட்டை நெளியும். இரண்டு பக்கமும் ஒட்டும் டேப் போதும்.

40 சின்ன அட்டைக்கு மடிப்பே வேண்டாம். ஒரு ஏ4இல் நான்கு அட்டை வைத்து, 10 தாள் அடித்து, கடையிலேயே கட்டிங் மெஷினில் வெட்டி வாங்குங்கள். படம் ஓரம்வரை போகிறது என்றால் நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விடுங்கள், இல்லாவிட்டால் வெட்டும்போது எங்காவது ஒரு வெள்ளைக் கோடு எட்டிப்பார்க்கும்.

தமிழ் எழுத்து உடைந்ததற்குக் கடையின் போட்டோஷாப் அமைப்புதான் காரணமாக இருக்கும். பழைய பதிப்பு என்றால் பிரிஃபரன்ஸஸில் டைப் பகுதியில் தெற்காசிய எழுத்துகளுக்கான தெரிவு இருக்கும், அதைப் போட்டால் சேரும். அவர்களோடு மல்லுக்கு நிற்பதைவிட வீட்டிலேயே லிப்ரேஆபிஸிலோ கிம்பிலோ யூனிகோடில் அடித்து, பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்துவிடுங்கள். எழுத்துருவுக்கு மீரா இனிமை நன்றாக இருக்கும், கையெழுத்துச் சாயல் வேண்டுமென்றால் கவிவனார். இரண்டும் இலவசம்.

தாமிரபரணி:

அக்கா, ஐயா, இரண்டு பேருக்கும் நன்றி. புடவை அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருந்தது. அரக்குதான், ஆனால் நான் நினைத்ததைவிட ஆழம், உலர்ந்த மிளகாய் வற்றல் மாதிரி. கரையைப் பார்த்துத்தான் திகைத்தேன். படத்தில் பழுப்பாகத் தெரிந்த கரை மயில்கழுத்துப் பச்சை. பக்கத்தில் வைத்துக்கொண்டு ரெட் சேனலில் நடு முக்கோணத்தை இன்னும் கொஞ்சம் நகர்த்தியதும் அந்தப் பச்சை படத்திலும் எட்டிப்பார்த்தது. வாழை இலையும் கூடவே பச்சையானது. அம்மா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்தக் கரைக்காகத்தான் ஆச்சி அந்தக் கடையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தாள்" என்றாள். இத்தனை வருடத்தில் இதை அவள் சொன்னதே இல்லை.

இன்னும் ஒரே ஒரு பயம். முதல் பிரிண்ட் இருட்டாக வந்ததே, அது மறுபடி வராமல் என்ன செய்வது?

பழைய இருட்டறை:

திரை வெளிச்சம் முழுசாக இருந்திருக்கும். திரை தானே ஒளி விடுகிறது, தாள் விடாது. ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, இரண்டின் வெளுப்பும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும்வரை திரையைக் குறைத்துவிட்டுப் பாருங்கள்.

ஆனாலும் கண்ணை நம்பாதீர்கள், சோதனை போடுங்கள். இருட்டறையில் நாங்கள் ஒரு துண்டுத் தாளில் 5, 10, 15 வினாடி என்று ஒளி காட்டிப் பார்த்த பிறகுதான் பெரிய தாளைத் தொடுவோம். நீங்களும் முகம் மட்டும் வருகிற மாதிரி வெட்டி, ஒரே 4க்கு 6 படத்துக்குள் நான்கு பட்டையாக வையுங்கள்: உள்ளபடி ஒன்று, கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சம் கூட்டி மூன்று. ஓரத்தில் 1, 2, 3, 4 என்று எண் போடுங்கள். ஒரு பிரிண்ட் காசுதான். கொடுக்கும்போது "கரெக்‌ஷன் வேண்டாம், அப்படியே போடுங்கள்" என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். இல்லையென்றால் மெஷின் தன் கணக்குக்கு அதைத் திருத்தும். வந்த பிரிண்டைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள், கடையின் டியூப் லைட்டில் முடிவெடுக்க வேண்டாம். 4க்கு 6க்கு 1200, 1800 பிக்சல் போதும், ஜேபெக் 95 தரம். திருத்திய கோப்பை கிம்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப்பிலும் சேமித்து வையுங்கள், ஜேபெக்கையே திரும்பத் திரும்பச் சேமித்தால் தேயும்.

தாமிரபரணி:

பட்டை எண் 3 சரியாக வந்தது. அதையே போட்டு வாங்கிவிட்டேன். நன்றி அட்டை 40உம் வெட்டியாயிற்று, எழுத்து உடையவில்லை. பெரிய அட்டையில் பேத்தி கோலம் போட்டுக்கொண்டிருக்கிறாள். மடிப்புக்கு முன் பேனாக் கோடு போட்டோம் அக்கா, வெடிக்கவில்லை.

அசல் போட்டோவை மறுபடி அதே ஆல்பத்தில் வைக்கலாமா?

பழைய இருட்டறை:

பரணுக்கு மட்டும் போக வேண்டாம். பீரோவில், சூடும் ஈரமும் இல்லாத தட்டில் வையுங்கள். ஒட்டும் தாள் உள்ள ஆல்பம் என்றால் தானாக உரிந்து வருகிற படங்களை எடுத்து ஒரு நல்ல காகித உறையில் போடுங்கள். வராததை விட்டுவிடுங்கள்.

நெகட்டிவ் இருக்கிறதா என்று அம்மாவைக் கேட்டீர்களா? அந்தக் காலத்தில் ஆல்பத்தோடு ஒரு மெல்லிய கவரில் போட்டுக் கொடுப்போம், பலரும் பின்னட்டையில் செருகி வைப்பார்கள். கிடைத்தால் முகப்பைத் தொடாமல் ஓரத்தைப் பிடித்து எடுங்கள்.

தாமிரபரணி:

இருக்கிறது ஐயா. கடைசிப் பக்கத்துக்கும் அட்டைக்கும் நடுவில் ஒரு கவர். நான்கு துண்டு. ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தேன், இரண்டாவது துண்டில் ஆச்சி தெரிகிறாள். அந்தப் படத்தின் பிரிண்ட் எங்கள் வீட்டில் யாரிடமும் இல்லை. நாளைக்கே ஸ்கேன் செய்யக் கொண்டுபோகிறேன்.